நரம்பு கிடைக்காத கைக்கு எந்த லைன்?

ஆறு வாரம் ஊசி மருந்து போட வேண்டிய ஒரு பையன் எங்கள் வார்டுக்கு வந்தான். வயது இருபத்துச் சொச்சம், ஊர் சேரன்மகாதேவி பக்கம், போதைக்கு ஊசி போட்டுப் பழகியவன். ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பத்து நாளாகக் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி. எக்கோ என்கிற இதய ஸ்கேனில் வலப்பக்க வால்வில் கிருமிக்கட்டி. ரத்தத்தில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் பிளட் கல்ச்சரில் ஸ்டாஃப். ஸ்டாஃப் என்றால் நர்ஸ்களாகிய நாங்கள் இல்லை, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்கிற கிருமி. நம் எல்லார் தோலிலும் மூக்கிலும் சும்மா குடியிருக்கக்கூடியதுதான். ஊசிமுனையோடு உள்ளே போய்விட்டால் வால்வைத் தேடிப்போய் உட்கார்ந்துகொள்ளும்.

காலையில் நான் டியூட்டி ஓவர் எடுத்தபோது அவன் இடது கையில் ஏழு பஞ்சு, ஏழு பிளாஸ்டர். மருந்து ஏற்ற நரம்பில் செருகிவைக்கும் குழாய், அதாவது லைன், அது மட்டும் இல்லை. கேஸ் ஷீட்டில் "நரம்பு கிடைக்கவில்லை, நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதியிருந்தது. ஏழு குத்து வாங்கியவன் இன்னும் எப்படி ஒத்துழைக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

நரம்பு என்று நாங்கள் சொல்வது ரத்தக்குழாயை. பாடப்புத்தகத்தில் சிரை. நரம்பியல் டாக்டர் கோபித்துக்கொள்வார்தான், ஆனால் இந்த ஊரில் எந்த ஆச்சியிடமாவது போய் "சிரை கிடைக்கல" என்று சொல்லிப்பாருங்கள், பேரனுக்கு மொட்டை போடப் போகிறீர்களா என்பாள். அதனால் நரம்பு என்றே வைத்துக்கொள்வோம்.

ரவுண்ட்ஸில் மூன்று கருத்து வந்தது. "கழுத்துல சென்ட்ரல் லைன் போட்டுரலாம்." "இவனுக்கா? அதுலயே ஏத்திக்கிட்டுப் போயிருவான்." "பேசாம மாத்திரை எழுதி அனுப்பிருவோம்." மூன்றும் லைனைப் பற்றிய பேச்சு மாதிரி தெரியும். உண்மையில் மூன்றுமே இவனை நம்பலாமா என்ற ஒரே பேச்சுதான். பதினேழு வருஷமாக ஊசி பிடிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் தப்பான லைன்தான் வந்து சேரும். என்ன மருந்து, எத்தனை நாள், கையில் என்ன மிச்சம் இருக்கிறது, அவன் எங்கே தங்கப்போகிறான் என்று இந்த வரிசையில் கேட்டுக்கொண்டு போனால் முடிவு பாதி தானாகவே வந்துவிடும்.

முதலில் மருந்து. கிருமி மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படும் ஸ்டாஃப் என்றால் பொதுவாக இரண்டு மருந்துகள் பேச்சில் வரும், கிளாக்ஸாசிலின் வகை அல்லது செஃபாசோலின். முதலாவதை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும், அதாவது நாளுக்கு ஆறு தடவை. இரண்டாவது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு மூன்று. 42 நாளில் ஒன்று 252 தடவை, மற்றது 126 தடவை. கிளாக்ஸாசிலின் நரம்பைச் சீக்கிரம் புண்ணாக்கும் என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும். மூளைக்குத் தொற்று பரவாதவர்களுக்கு செஃபாசோலின் ஏற்றுக்கொள்ளப்பட்ட மருந்துதான். தேர்வு செய்வது டாக்டர். ஆனால், "சார், இவன் கை தாங்காது, எட்டு மணி நேர மருந்துக்கு மாத்தலாமா?" என்று கேட்க வேண்டியது நாம். லைனைத் தேர்வு செய்யும் முன்பே பாதி பாரம் குறைந்துவிடும். கிருமி மெதிசிலினுக்குக் கட்டுப்படாததாக இருந்தால் கதை வேறு. வான்கோமைசின் வரும், அது குறைந்தது ஒரு மணி நேரம் மெதுவாக இறங்க வேண்டும், சின்ன நரம்பைச் சுட்டுவிடும்.

சாதாரண வென்ஃப்ளான்

கை நரம்பில் குத்தி ஒட்டிவைக்கும் சின்னப் பிளாஸ்டிக் குழாய். எல்லா வார்டிலும் இருப்பது இதுதான். மலிவு, கையில் கிடைக்கும், டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு வென்ஃப்ளான் மூன்று நாள் நின்றால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொண்டால் ஆறு வாரத்துக்குப் பதினாலு. ஒன்றுக்கு இரண்டு குத்து என்றால் இருபத்தெட்டு. இது நல்ல கைக்கான கணக்கு.

இந்தக் கைகள் ஏன் இப்படி ஆகின்றன என்று தெரிந்தால்தான் தேடும் விதமும் மாறும். நான் பார்த்த பையன்களில் பலர் ஹெராயினைக் கண்ணால் பார்த்ததில்லை. டேபென்டடால் மாதிரி வலி மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றியவர்கள். மாத்திரை வாயில் போடுவதற்காகச் செய்தது. அதைக் கெட்டியாக்கச் சேர்த்திருக்கும் டால்க்கும் செல்லுலோஸும் தண்ணீரில் கரையாது. அந்தத் துகள் நரம்பின் உள்சுவரைப் புண்ணாக்கி அடைத்துவிடும், மிச்சம் நுரையீரல் வரை போய்ப் படியும். இப்படி அடைபட்ட நரம்பு கண்ணுக்கு அழகாகத் தெரியும், நீலமாகப் புடைத்துக்கூட இருக்கும். தொட்டால் பனைநார் மாதிரி விறைத்து உருளும். அதில் குத்தினால் ரத்தம் வராது, வந்தாலும் குழாய் உள்ளே ஏறாது. நல்ல நரம்பு சைக்கிள் ட்யூப் மாதிரி, அமுக்கினால் அமுங்கி விரலோடு திரும்பி எழும். ஆகவே, கண்ணை நம்பாமல் விரலை நம்ப வேண்டும். க்ளவுஸ் போடும் முன் கையைக் கழுவிவிட்டு வெறும் விரலால் தேடுங்கள், இடம் முடிவானதும் க்ளவுஸ் போட்டுத் துடைத்துக்கொள்ளலாம். துடைத்த பிறகு தொட்டுப்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

நேரம் எடுத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பத்து நிமிஷம் சுற்றி வைத்தால் ஒளிந்திருப்பது வெளியே வரும். ரப்பர் டூர்னிக்கெட்டை இறுக்கிக் கட்டுவதற்குப் பதில் பி.பி. கஃப்பைக் கட்டி, கீழ் அழுத்தத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிறுத்திப் பாருங்கள். வலியும் குறைவு, இளநரம்பு வெடிக்காது. தடித்த பச்சை வென்ஃப்ளானுக்கு ஆசைப்பட வேண்டாம், ஆன்டிபயாடிக்குக்கு மெல்லிய நீலமே போதும். ஒருவர் இரண்டு முறைதான் முயல வேண்டும் என்று ஊசி சிகிச்சைக்கான நர்ஸிங் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இரண்டு தவறினால் கையைக் கட்டிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள். இதில் கௌரவம் பார்ப்பதால்தான் ஏழு பிளாஸ்டர் ஆகிறது.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அன்று காலை நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "தம்பி, உன் கை உனக்குத்தான் தெரியும். எந்த நரம்பு இன்னும் தாங்கும்?"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். திட்டுவதற்கு முன்னால் வரும் கேள்வியோ என்று யோசித்திருப்பான். அப்புறம் வலது கையைத் திருப்பி முன்கையின் பின்பக்கத்தைக் காட்டினான். "இங்கன பாருங்கக்கா. இதுல நான் போட்டதே இல்ல. எனக்கு இடது கையால குத்த வராது."

நர்ஸிங் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? சாப்பிடும் கையை விட்டுவிடு, மற்ற கையில் போடு. ராத்திரி டியூட்டிப் பிள்ளைகள் அந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றித்தான் இடது கையில் ஏழு முறை குத்தியிருக்கிறார்கள். வலக்கைக்காரன் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டால் போவது இடது கைதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. முதல் குத்திலேயே நீல வென்ஃப்ளான் ஏறியது. இரண்டு நாள் அவன் அம்மா சோறு ஊட்டிவிட்டாள். அவனுக்கு அது வெட்கம், அவளுக்கு அது சந்தோஷம் என்று எனக்குத் தோன்றியது.

ஆக, வென்ஃப்ளான் சின்ன வேலைக்குச் சரி. மூன்று நாள், ஐந்து நாள் மருந்து என்றால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். ஆறு வாரத்துக்கு இதையே நம்பினால், மிச்சமிருக்கும் நாலைந்து நரம்பையும் நாமே தின்றுவிடுவோம். மறுபடி காய்ச்சலோடு வரும்போது குத்த இடம் இருக்காது.

மிட்லைன்

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். மேல்கையின் உள்பக்கம் ஆழத்தில் ஓடும் பெசிலிக் நரம்பில் அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவது. குழாய் 10 முதல் 20 சென்டிமீட்டர், நுனி அக்குளுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். நெஞ்சுக்குள் போகாததால் எக்ஸ்ரே வேண்டாம். இரண்டு வாரம் தாராளமாக நிற்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும். செஃபாசோலினுக்கும் செஃப்ட்ரையாக்ஸோனுக்கும் பொருத்தம். வான்கோமைசினை நாள்கணக்கில் இதில் ஓட்டுவது சரியில்லை. ஆழத்திலிருக்கும் நரம்பு என்பதால் பெரும்பாலும் அவன் ஊசி அங்கே எட்டியிருக்காது. நமக்கு மிச்சம் வைத்த சொத்து என்று வையுங்கள்.

மிட்லைன் கிட் இல்லாவிட்டால் அதே அல்ட்ராசவுண்டில் நீளமான வென்ஃப்ளானாவது போடலாம். ஆழ நரம்புக்குக் கட்டைக் குழாய் ஆகாது. பிங்க் வென்ஃப்ளான் சுமார் 32 மில்லிமீட்டர், அதில் பாதி நரம்பைத் தொடுவதற்குள் சதையிலேயே தீர்ந்துவிடும். கையை மடக்கி ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தால் நழுவி வெளியே வந்து, மருந்து சதைக்குள் இறங்கிக் கை வீங்கி நிற்கும். "போட்ட லைனைப் பிடுங்கிட்டான்" என்று பழி அவன்மேல் விழும். அளவில் தப்பு செய்தது நாம்.

இங்கே ஒரு சிக்கல், வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வரும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது. அங்கே நர்ஸே அல்ட்ராசவுண்ட் பிடித்து லைன் போடுகிறார்கள். நம் நாட்டில் 1994-ஆம் வருடத்துக் கருப்பாலினப் பரிசோதனைத் தடைச் சட்டத்தின்கீழ் மெஷின் பதிவாகியிருக்க வேண்டும், தகுதியுள்ள டாக்டர்தான் இயக்க வேண்டும். மெஷினை நினைத்த இடத்துக்கு உருட்டிக்கொண்டு போகவும் முடியாது. பெண் சிசுவைக் காப்பாற்ற வந்த சட்டம், அதன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நடைமுறையில் மிட்லைன் என்பது மயக்க டாக்டரின் நேரம். அவரைப் பிடிக்க ஒருநாள் இரண்டுநாள் ஆகும். அதனால்தான் சேர்ந்த அன்றே கேட்டுவைக்க வேண்டும் என்கிறேன். ஏழாவது குத்துக்குப் பிறகு கேட்கக் கூடாது.

பிக் லைனும் கழுத்து லைனும்

பிக் லைன் மேல்கையில் நுழைந்து, நுனி இதயத்துக்கு மேலேயுள்ள பெருஞ்சிரை வரை போகும். மாதக்கணக்கில் நிற்கும், வான்கோமைசினும் ஓடும், ரத்தமும் எடுக்கலாம். கிட்டுக்குச் சில ஆயிரம் ரூபாய், எக்ஸ்ரே, வாராவாரம் டிரெஸ்ஸிங். நரம்பில் ரத்தக்கட்டி, லைன் வழியாகத் தொற்று என்று ஆபத்துகள் உண்டு. மெதிசிலினுக்குக் கட்டுப்படாத கிருமி, ஆறு வாரம் வான்கோமைசின் என்றால் மிட்லைனை விட இதுதான் சரியான தேர்வு.

ஆனால் பயம் முழுக்க இதன்மேல்தான் இருக்கிறது. "அதுலயே ஏத்திக்கிடுவான்." சரி, அந்தப் பயத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று வருஷம் எவன் உதவியும் இல்லாமல் நரம்பு தேடியவனுக்கு நம் பிக் லைன் இல்லாவிட்டால் வழி கிடைக்காதா? வென்ஃப்ளானோடு பாத்ரூமுக்குப் போகிறவனைப் பற்றி ஏன் யாரும் இப்படிப் பேசுவதில்லை? அதுவும் வாசல்தானே. வெளிநாடுகளில் பார்த்துத் தேர்ந்தெடுத்த இத்தகைய நோயாளிகளை லைனோடு வீட்டுக்கே அனுப்பிய ஆய்வுகளில், பெரும்பாலோர் மருந்தை முடித்திருக்கிறார்கள், லைனைத் தவறாகப் பயன்படுத்தியது குறைவு. நான் சொல்வது பயமே வேண்டாம் என்று இல்லை. லைன் மூடியின் மேல் கையெழுத்துப் போட்ட ஒட்டு ஒட்டுவதானால் நீண்ட லைன் உள்ள எல்லாருக்கும் ஒட்டுங்கள், எதற்கென்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஒட்டுங்கள். அவனுக்கு மட்டும், அவன் தூங்கும்போது ஒட்டுவது வேண்டாம். இந்த லைனில் வேறெதுவும் போனால் கிருமி நேரே இதயத்துக்குப் போகும் என்று சொன்னால் அவனுக்குப் புரியும். எக்கோப் படத்தைக் காட்டினால் இன்னும் நன்றாகப் புரியும்.

கழுத்திலும் தோளெலும்புக்குக் கீழும் போடும் சென்ட்ரல் லைன் அவசரத்துக்கானது. பிரஷர் இறங்கிப்போன நோயாளிக்கு அது உயிர். ஆறு வாரத்துக்கு அது இல்லை. தொடை இடுக்கில் போடுவதை நான் கடைசிக்கும் கடைசியாக வைப்பேன், தொற்றும் ரத்தக்கட்டியும் அங்கே அதிகம்.

மாத்திரை

"மாத்திரை எழுதி அனுப்பிருவோம்" என்பதைச் சலிப்பில் சொன்னார்கள். ஆனால் அதிலும் விஷயம் உண்டு. 2019-ல் வெளியான டென்மார்க் ஆய்வில் இதய வால்வில் தொற்றிய 400 பேரை எடுத்துக்கொண்டார்கள். குறைந்தது பத்து நாள் ஊசி போட்டு நிலைமை சீரான பிறகு பாதிப்பேருக்கு மாத்திரைக்கு மாற்றினார்கள். முடிவு ஊசியை விட மோசமில்லை. அதே வருஷம் வந்த பிரிட்டன் ஆய்வு எலும்பு, மூட்டுத் தொற்றுள்ள 1,054 பேரிடம் இதையே காட்டியது. அப்படியானால் ஊசியே வேண்டாமே என்று குதிக்க வேண்டாம். டென்மார்க் ஆய்வு இடப்பக்க வால்வுத் தொற்று பற்றியது. ஊசிப் போதைப் பழக்கமுள்ளவர்கள் அதில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மாத்திரைக்கு மாறியவர்களையும் வாரத்தில் பல தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

முதல் நாளே மாத்திரை கொடுத்து அனுப்புவது கைகழுவுவது. இரண்டு மூன்று வாரம் ஊசி, கல்ச்சர் சுத்தம், காய்ச்சல் இல்லை, எக்கோ சரி என்ற பிறகு மாத்திரைக்கு மாறுவது சிகிச்சை. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதுதான் தொல்லை.

இங்கே நர்ஸ் கண்ணில் பட வேண்டியது இரண்டு உண்டு. மாத்திரையில் லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக் வந்தால், அதோடு டேபென்டடாலோ டிராமடாலோ சேர்ந்தால் செரடோனின் என்ற மூளை ரசாயனம் ஏறி நடுக்கமும் ஜுரமும் படபடப்புமாக ஆபத்தில் முடியலாம். அவன் பழகிய மாத்திரையே அதுதான். ஆகையால் "கடைசியாக எப்போது, எதைப் போட்டாய்?" என்ற கேள்வி போலீஸ் கேள்வி இல்லை, மருந்துக் கேள்வி. அப்படி விளக்கிவிட்டுக் கேட்டால் பதில் வரும். லினசோலிட் இரண்டு வாரம் தாண்டினால் ரத்தத் தட்டணு குறையும் என்பதால் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். இன்னொன்று ரிஃபாம்பிசின். டி.பி.க்குத் தினமும் நாம் கொடுக்கிற மருந்துதான். போதைக்கு மாற்றுச் சிகிச்சையாக மெத்தடோனோ புப்ரினார்ஃபினோ எடுப்பவனுக்கு இதைக் கொடுத்தால் அவற்றின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும். அவன் நெளிவான், "மறுபடி கேக்குது அவனுக்கு" என்போம். கேட்டது நாம் கொடுத்த மருந்து.

வார்டா, வீடா

வீட்டிலிருந்து தினமும் வந்து போட்டுக்கொள்ளலாமா என்று அம்மா கேட்டாள். சேரன்மகாதேவியிலிருந்து டவுன் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் இல்லை, அவனுக்கு உண்டு. பஸ் காசு பெரிய விஷயமில்லை. நாளுக்கு மூன்று வேளை மருந்துக்கு வந்துபோவது யாராலும் முடியாது. நாளுக்கு ஒருமுறை மருந்தாக இருந்து, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட ஒத்துக்கொண்டு, பழைய கூட்டாளிகள் தெருமுனையில் நிற்காத வீடாக இருந்தால் நான் வீட்டுக்கே சொல்வேன். ஆறு வாரம் ஆஸ்பத்திரிக் கட்டில் எந்த இருபது வயசுக்காரனுக்கும் ஜெயில்தான். இவனுக்கு மூன்றில் இரண்டு சரியில்லை. வார்டுதான் என்று முடிவாயிற்று.

வார்டு என்று முடிவெடுத்தால் அவன் ஓடிப்போவதைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டும். ரிஜிஸ்டரில் "அப்ஸ்காண்ட்" என்று சிவப்பு மையில் எழுதுகிறோமே, அதில் பெரும்பாலானவை முதல் மூன்று நாளில் நடப்பவை. கடைசியாகப் போதை ஊசி போட்டதிலிருந்து அரை நாள், ஒரு நாளில் கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு என்று தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு, எலும்பு முறிவது மாதிரி வலி, தூக்கமின்மை என உச்சத்துக்குப் போகும். அந்த ராத்திரி தாங்க முடியாமல்தான் லைனைப் பிடுங்கிக்கொண்டு போகிறான். எவ்வளவு நல்ல லைன் என்பது அந்த நேரத்தில் பொருட்டே இல்லை. இதனால்தான் எனக்கு லைன் தேர்வை விட இது பெரிய தேர்வாகத் தெரிகிறது.

மூன்று வழிகள் நடப்பில் இருக்கின்றன. ஒன்று, ஒன்றும் கொடுக்காமல் கட்டிப்போடுவது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டு, குளோனிடின், வயிற்றுக்கு, தூக்கத்துக்கு என்று தனித்தனி மருந்து. பாதி உதவும். மூன்று, மனநல டாக்டரைக் கூப்பிட்டு நாக்கடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் தொடங்குவது. நான் பார்த்த அளவில் ஆறு வாரம் தாங்கியவர்கள் இந்த மூன்றாம் வழியில் போனவர்கள்தான். ஒரு நிபந்தனை, போதை விடுபடும் அறிகுறிகள் நன்றாகத் தொடங்கிய பிறகே முதல் மாத்திரை. அவசரப்பட்டுக் கொடுத்தால் அதுவே அறிகுறியைக் கிளப்பிவிடும். பதினோரு அம்சம் பார்த்து மதிப்பெண் போடும் அளவுகோல் இருக்கிறது. கண்மணி விரிந்திருக்கிறதா, எத்தனை கொட்டாவி, தோல் புல்லரிக்கிறதா என்று அதை நிரப்புவது நம் வேலை.

வலிக்கு என்ன கொடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் கை முதலில் போவது பென்டாசோசின் என்ற வலி ஊசிக்கு. போதை மருந்துக்குப் பழகிய உடம்பில் அது எதிர்மருந்து மாதிரி வேலை செய்து அறிகுறிகளை ஒரேயடியாகக் கிளப்பும். ஊசி போட்டதும் அவன் கத்துகிறான் என்றால் "நடிக்கான்" என்பார்கள். நடிப்பில்லை. பழகிய உடம்புக்கு வலி மருந்து கூடுதலாகத்தான் தேவைப்படும், குறைவாக இல்லை.

சட்டத்தைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்களுக்கு இரண்டே வரி. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் நோயாகவே எண்ணி, உடல்நோயாளிக்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டத்திலேயே, தான் உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குள்ளவர் அரசு ஆஸ்பத்திரியிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ தானாகச் சிகிச்சைக்கு வந்தால் 64ஏ பிரிவில் பாதுகாப்பு உண்டு. வீட்டாருக்கு இலவசத் தொலைபேசி 14446.

ஊசி நம் கையில் குத்திவிட்டால்? எல்லா நோயாளிக்கும் எடுக்கும் அதே முன்னெச்சரிக்கைதான். இரட்டை க்ளவுஸ் போட்டு இவன் கட்டிலுக்கு மட்டும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதால் நமக்குப் பாதுகாப்பு கூடுவதில்லை, ஊர் பூராவும் தெரிந்துபோவதுதான் மிச்சம். குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் முடித்துவிட்டோமா என்று இன்றே பார்த்துக்கொள்ளலாம். அவனுக்கு ஹெபடைடிஸ் சி இருந்தால் பெரும்பாலும் பன்னிரண்டு வார மாத்திரையில் குணமாகும், 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். இதைச் சொல்லாமல் டிஸ்சார்ஜ் செய்யும் வார்டுகள் நிறைய.

எங்கள் பையனுக்குக் கடைசியில் என்ன ஆனது? செஃபாசோலின். மூன்றாம் நாள் மயக்க டாக்டர் வலது மேல்கையில் மிட்லைன் போட்டார். அது 17 நாள் நின்றது. அதற்குள் மனநல டாக்டர் புப்ரினார்ஃபினைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். இரண்டாம் ராத்திரி மட்டும் கட்டிலை விட்டு இறங்கி வராந்தாவில் நின்றான். அட்டெண்டர் அண்ணாச்சி அவனுக்கு டீ வாங்கிக்கொடுத்து, "ஏலே, விடியட்டும், அப்புறம் போவலாம்" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். விடிந்தது, அவன் போகவில்லை. மிட்லைன் சிவந்தபோது எடுத்துவிட்டு, இடது மேல்கையில் ஆழத்து நரம்பு தாங்குமா என்று அல்ட்ராசவுண்டில் பார்த்தோம், தாங்கியது. நாலாம் வாரத்தோடு ஊசி முடிந்தது. மிச்ச இரண்டு வாரம் மாத்திரை, வாரம் இரண்டு தடவை ஓ.பி. அந்த இரண்டு வாரத்தில் ஒருநாள் அவன் வரவில்லை. மறுநாள் வந்தான். எங்கே போனாய் என்று யாரும் கேட்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தேன், ஆனால் அம்மா கேட்டுவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வந்தான். ஸ்டூடண்ட் நர்ஸ் ஒருத்தி பாடத்தில் படித்தபடி இடது கையில் டூர்னிக்கெட்டைச் சுற்றப் போனாள். "அங்க வேண்டாம்க்கா" என்று சொல்லிவிட்டு, அவனே வலது கைச் சட்டையை மடித்து, முன்கையைத் திருப்பி மேஜைமேல் வைத்தான்.